வெறியாட்டும் வினாவும்

தறி நின்றது, நாடா ஓய்ந்தது, நூற்றுக்கொண்டிருந்த கதிர் கைநழுவி வீழ்ந்தது. தீப்ஸ் நகரத்துப் பெண்டிர் இல்லந்துறந்து, கூந்தல் அவிழ, சிதேரன் மலையை நோக்கி ஓடினர். மன்னன் மகளும் ஓடினாள். மனைப் பணிப்பெண்ணும் ஓடினாள். மான்தோலை மேலாடையாக்கினர், பாம்பை இடைக்கச்சையாக்கினர், ஐவி எனும் பசுங்கொடியைத் தலையிலே சூடினர், முனையிலே இலைக்கொத்துச் செருகிய நெடுங்கோலைக் கையிலே ஏந்தினர். பறை அதிர, குழல் அலற, கண் செருக ஆடினர், ஆடினர், தம்மை மறந்து ஆடினர்!

ஆட்டிவைத்தவன் யார்? டயோனிசஸ் என்பர் கிரேக்கர். பாக்கஸ் என்பர் ரோமர். திராட்சைத் தேறலின் தெய்வம் அவன். குடிப்பவன் உள்ளே அவனே புகுகிறான் என்று நம்பினர். அவன் புகுந்தால் மனிதன் தன்னிலிருந்து வெளியேறுவான்; அந்த வெளியேற்றத்தையே பேரின்பம் என்று போற்றினர்.

கிரேக்கம் என்றதும் சாக்ரடீஸ் நம் நினைவுக்கு வருவார், அரிஸ்டாட்டில் வருவார். அளந்து பேசிய நாடு, ஆய்ந்து பார்த்த நாடு, அறிவுக்கு அரியணை அமைத்த நாடு. அந்த நாட்டிலேதான் இந்த ஆட்டமும் நடந்தது. அறிவு மிகுந்த நாட்டிலே வெறி ஏன் வளர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அது ஏதென்ஸ் நகரத்தோடு நிற்காது. நம் நொய்யல் ஆற்றங்கரை வரையிலே வந்து சேரும்.

கலத்திலே கண்ட கோலம்

ஏதென்ஸ் நகரத்துக் குயவர், கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளிலே, இந்த ஆட்டத்தை மட்கலங்களிலே தீட்டித் தந்தனர். பிரைகாஸ் ஓவியன் என்று கலை வரலாற்றார் அழைக்கும் ஒருவன், கி.மு. 490ஐ ஒட்டித் தீட்டிய கிண்ணம் ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலே இருக்கிறது. தலையிலே பாம்பு சுற்றியிருக்க, ஒரு கையிலே சிறுத்தைக் குட்டி தொங்க, மறு கையிலே கோல் தாங்கி விரைகிறாள் ஒருத்தி. ஆடை பறக்கிறது, கால் தரையிலே பாவவில்லை. களிமண்ணிலே காற்றைப் பிடித்துக் காட்டிய கைத்திறன் அது!

அந்தக் கலத்திலே மதுவுண்டவர் யார்? ஆண்கள். படத்திலே ஆடுபவர் யார்? பெண்கள். படத்திலே அவ்வளவு துள்ளும் பெண், நாட்டு நடப்பிலே என்ன நிலையிலே இருந்தாள்? ஏதென்ஸிலே பெண்ணுக்கு வாக்கில்லை, மன்றத்திலே இடமில்லை. தந்தையோ கணவனோ மகனோ, ஒரு காப்பாளன் எப்போதும் வேண்டும். ஒரு மூட்டை வாற்கோதுமையின் மதிப்புக்குமேல் அவள் தானாக ஒப்பந்தம் செய்தல் சட்டப்படி செல்லாது. நூற்பதும் நெய்வதும் அவள் கடமை. வாயில்தாண்டாமை அவள் பெருமை என்றனர்.

வாழ்நாளெல்லாம் அடைத்து வைத்தவளுக்கு ஓர் இரவு மட்டும் கதவு திறந்தது. திறந்த கைக்குத் தெய்வம் என்று பெயர் சூட்டினர். டெல்பி நகரை அடுத்த பர்னாசஸ் மலையிலே, ஆண்டுவிட்டு ஆண்டு, கடுங்குளிர்க் காலத்திலே பெண்கள் கூட்டமாய் ஏறி இரவெல்லாம் ஆடினர். விடிந்ததும்? மலையிறங்கினர், வீடு சேர்ந்தனர், கதிரை எடுத்தனர். ஆட்டம் முடிந்தது, அடைப்பு முடியவில்லை.

தறிவிட்டு எழாத மூவர்

நூலும் தறியுமாய் வாழும் நம் திருப்பூர் வட்டாரத்து இளைஞர் கருத்திலே கொள்ளத்தக்க கதை ஒன்றை ரோமக் கவிஞர் ஆவிட் சொல்கிறார். மினியாஸ் என்பானுக்கு மூன்று பெண்கள். ஊரே வெறியாட்டுக்குப் போன நாளிலே அவர்கள் போகவில்லை. வீட்டிலிருந்து நூல் நூற்றனர். அலுப்புத் தெரியாதிருக்க ஆளுக்கொரு கதை சொல்லிக் கொண்டனர். தெய்வம் சினந்தது. தறியிலே கொடி படர்ந்தது. பாவு திராட்சை இலையாயிற்று. மூவரும் வௌவால்களாகிக் கூரை இருட்டிலே தொங்கினர்!

என்ன நீதி இது? வேலைசெய்தவர்க்குத் தண்டனை, கேளாமல் ஆடியவர்க்கு அருள்! கதையைக் கட்டியவர் அஞ்சியது எதை? "நான் வரவில்லை" என்று மூன்று பெண்கள் சொன்ன சொல்லை. ஊர்வெறியோடு ஒட்டாது நிற்பவரை வௌவாலாக்கும் வழக்கம் கிரேக்கத்தோடு போயிற்றா? அவரவர் ஊரிலே எண்ணிப் பாருங்கள்.

தாய்கையிலே தலை

யூரிபிடீஸ் என்னும் பெருநாடகாசிரியர் கி.மு. 406இல் மறைந்தார். மறுஆண்டு, அவர் விட்டுச்சென்ற 'பாக்கே' நாடகம் ஏதென்ஸிலே அரங்கேறி முதற்பரிசு பெற்றது. அரங்கேறிய விழா டயோனிசஸின் விழா; நாடகமே அவன் விழாவிலே பிறந்து வளர்ந்த கலை. அவன் விழாவிலேயே, அவன் வெறியின் விலை என்ன என்று காட்டினார் யூரிபிடீஸ்.

தீப்ஸ் மன்னன் பெந்தியூஸ் வெறியாட்டை எதிர்க்கிறான். எப்படி? விலங்கால், சிறையால், படையால். பெண்கள் ஏன் ஓடினர் என்று அவன் கேட்கவே இல்லை. ஆனால் ஒளிந்து பார்க்கும் ஆவல் மட்டும் உண்டு. அந்த ஆவலைத் தூண்டி, பெண்ணுடை பூட்டி, மலைக்கு அழைத்துப்போகிறான் டயோனிசஸ். மரவுச்சியிலே அமர்ந்தவனைப் பெண்கள் காண்கின்றனர். விலங்கென எண்ணி மரத்தோடு சாய்க்கின்றனர். அங்கம் அங்கமாகப் பிய்க்கின்றனர். முதலிலே பாய்ந்தவள் அவனைப் பெற்ற தாய், அகவே! மகன் தலையைக் கோலிலே செருகி, சிங்கத்தை வென்றேன் என்று ஊர்வலம் வருகிறாள். தறியையும் நாடாவையும் விட்டுப் பெருஞ்செயல் செய்தேன் என்று பெருமை வேறு பேசுகிறாள்.

அவள் தந்தை, முதியவர் காட்மஸ், அறையவில்லை, விலங்கிடவில்லை, வேப்பிலை அடிக்கவில்லை. வினவுகிறார். வானத்தைப் பார், மகளே. அது முன்போல் இருக்கிறதா, மாறியிருக்கிறதா? யாருடைய மனையிலே நீ வாழ்க்கைப்பட்டாய்? உனக்குப் பிறந்த மகன் பெயர் என்ன? உன் கையிலே இருப்பது யார் தலை?

ஒரு வினாவுக்கு ஒரு படியாக இறங்கி வருகிறாள் அகவே. கடைசி வினாவிலே கண் திறக்கிறது. திறந்த கண்ணிலே தெரிந்தது மகன் முகம். தெளிவு சில வேளை தாங்கொணாத் துயரம் தரும். ஆயினும் தெளியாதிருந்தால், அவள் மகன் தலையோடு மகிழ்ந்துகொண்டல்லவா இருப்பாள்!

வெறியை விலங்கு வெல்லவில்லை; வினா வென்றது. உலக இலக்கியம் நமக்குத் தந்த அரும்பாடம் இது.

ரோமாபுரியின் தடைச்சட்டம்

கி.மு. 186இல் ரோமாபுரியின் ஆட்சிமன்றம் இந்த வழிபாட்டின்மீது பாய்ந்தது. பெண்களும் அடிமைகளும் இரவிலே கூடுகின்றனர், சூளுரைக்கின்றனர், நாட்டைக் கவிழ்ப்பர் என்று அஞ்சினர் ஆள்வோர். குற்றம் சாட்டப்பட்டோர் ஏழாயிரவர்க்கு மேல் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் லிவி, கொல்லப்பட்டோர் ஏராளம். அந்தச் சட்டத்தைப் பொறித்த வெண்கலப் பட்டயம் 1640இல் தென் இத்தாலியிலே கிடைத்தது. இப்போது வியன்னாவிலே இருக்கிறது.

அதிலே ஒரு வேடிக்கை! வழிபாட்டை ஒரேயடியாக ஒழிக்கவில்லை. மன்றத்தின் இசைவு பெறலாம். ஆனால் ஐவர்க்குமேல் கூடலாகாது, ஆண் இருவர், பெண் மூவர் என்று கணக்கிட்டனர். வெறி தவறென்பதல்ல அவர்கள் வழக்கு; எளியோர் ஒன்றுகூடுவது தவறென்பதே வழக்கு. பின்னர், அடங்கிய பாக்கஸ் ஆள்வோர்க்கு இனியவனானான், செல்வர் மாளிகைச் சுவரிலே ஓவியமானான், சவப்பேழையிலே சிற்பமானான். 1629இல் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்கஸ் தீட்டிய படத்திலே, வெயிலிலே கறுத்து உழைப்பிலே சுருங்கிய ஏழைகள் நடுவே வெண்மேனியனாய் அமர்ந்து மகுடம் சூட்டுகிறான் பாக்கஸ். ஏழைகள் சிரிக்கின்றனர். அவர்கள் வறுமையைத் தெய்வம் எடுத்துக்கொள்ளவில்லை, கிண்ணத்தைத்தான் கொடுத்தது.

மது வந்தது, வெறி இங்கேயே இருந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். டயோனிசஸ் இந்தியாவை வென்றான் என்று கிரேக்கர் கதை கட்டினர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வந்த தூதர் மெகஸ்தனிசும், இந்நாட்டு மலைவாணர் வணங்கும் தெய்வத்தைத் தம்மவன் என்றே எண்ணினார். பறையும் ஆட்டமும் மதுவும் கண்டார். நம் ஆள் என்று முடிவுகட்டினார். தெய்வம் ஊர்விட்டு ஊர் நடந்தது என்று கொள்ளத் தேவையில்லை. அடக்கப்பட்ட நெஞ்சம் எங்கே இருந்தாலும் அது ஆடுவதற்கு ஒரு களம் தேடும். களம் கண்ட இடத்திலே தெய்வம் தோன்றும்.

யவனர் மரக்கலம் தமிழகம் வந்தது மெய். நல்ல கலங்களிலே அவர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்திலே பருகியதைப் புறநானூறு பேசுகிறது. அரிக்கமேட்டிலே 1945இல் வீலர் அகழ்ந்தபோது மது அடைத்து வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. பாலைக்காட்டுக் கணவாய் வழியே வந்த வணிகம் நொய்யல் கரையோரமாகவே கரூர் நோக்கிச் சென்றது. வெள்ளலூர்ப் புதையலின் ரோமானிய வெள்ளிக்காசுகள் அதற்குச் சான்று. திருப்பூர்க்குக் கிழக்கே, அதே ஆற்றங்கரையிலே கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்விலே மணிகள் தீட்டிய பட்டறைகளும், இரும்புருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும், நூல் நூற்ற தக்கிளிகளும் கிடைத்தன. இன்று பனியன் தைக்கும் மண்டலம் இரண்டாயிரம் ஆண்டுக்குமுன்பே நூல் நூற்ற மண்டலம்!

மது கடல்கடந்து வந்தது. ஆனால் வெறி இறக்குமதிச் சரக்கன்று, இங்கேயே இருந்தது. குறிஞ்சி நிலத்திலே அதன் பெயர் வெறியாட்டு. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, உணவு செல்லவில்லை. தாய் கலங்குகிறாள்; வேலனை அழைக்கிறாள். வேல் ஏந்தி, கடம்பங்கண்ணி சூடி வருகிறான் அவன். மணல் பரப்புகிறான், கழங்கு இட்டுக் குறிபார்க்கிறான், இது முருகு அணங்கிய நோய் என்கிறான். பந்தர் இடுகின்றனர், ஆடு அறுக்கின்றனர், குருதி கலந்த சோற்றைப் பலியாகத் தூவுகின்றனர், இரவெல்லாம் பறை முழங்க வேலன் ஆடுகிறான்.

கிரேக்கத்திலே ஆடியவள் பெண். இங்கே ஆடியவன் வேலன், ஆட்டுவிக்கப்பட்டவள் பெண். ஆனால் இருநாட்டுக்கும் பொது ஒன்று உண்டு. பெண்ணின் துயரத்துக்குப் பெண்ணைத் தவிர எல்லாரும் காரணம் கூறினர்.

தோழியின் குரல்

இங்கேதான் தமிழ்ப் புலவர் தலைநிமிர்ந்து நிற்கின்றனர். வெறியாட்டைப் பாடினர்; ஆனால் வேலன் பக்கம் நின்று பாடவில்லை. தோழியின் வாயிலே வினாவை வைத்தனர்.

குறுந்தொகையின் 362ஆம் பாட்டு வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனார் பாடியது. தோழி வேலனைப் பார்த்துக் கேட்கிறாள், சினங்கொள்ள வேண்டா என்று முதலிலேயே மரியாதையாய்ச் சொல்லிவிட்டு. ஆட்டுக்குட்டியை அறுக்கிறாய், பலவண்ணச் சோறு படைக்கிறாய், இவள் நெற்றியைத் தடவுகிறாய், சரி. இவளை வருத்தியது ஒரு மலைநாடனின் மார்பாயிற்றே, நீ தரும் பலியை அந்த மார்பும் உண்ணுமா? இதுதான் கேள்வி. வேலனுக்கு விடை தெரியாது; தாய்க்கு உண்மை தெரிந்துவிடும். ஒரே வினாவிலே ஆடும் பிழைக்கிறது, பெண்ணும் பிழைக்கிறாள்!

நற்றிணையின் 34ஆம் பாட்டிலே தோழி வேலனையும் தாண்டி முருகனிடமே போகிறாள். நோய் உன்னால் வந்ததன்று என்று உனக்கே தெரியும். தெரிந்தும் அழைத்த இடத்துக்கு வந்து நின்றாயே, தெய்வமேயானாலும் நீ அறியாதவன்தான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அகநானூற்றின் 22ஆம் பாட்டைப் பாடிய புலவர்க்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்தது. அந்தப் பாட்டின் தலைவி, வெறியாட்டு நடந்த இரவிலேயே காதலன் மறைவாய் வந்து தேற்ற, நோய் தணிந்து எழுகிறாள். தொடர்பே இல்லாத வேலன் தன்னால் தீர்ந்ததென்று அயர்ந்து நிற்பதைக் கண்டு நகைக்கிறாள். ஐங்குறுநூற்றிலே கபிலர் வெறிப்பத்து என்று பத்துப் பாட்டே பாடினார்.

காட்மஸ் வினவினார், தோழி வினவினாள். ஒருவர் முதியவர், மன்னர் குடியினர். மற்றவள் இளையள், ஏவல் செய்பவள். காட்மஸின் வினா கொலைக்குப் பின் வந்தது; தோழியின் வினா கேடு முற்றுமுன் வந்தது. பகுத்தறிவு நேற்றுக் கப்பலேறி வந்த சரக்கென்பாரிடம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே நம் குறிஞ்சிப் பெண்ணொருத்தி பேசிய பேச்சைக் காட்டுங்கள்.

கலை வேறு, காரணம் வேறு

ஆட்டத்தையே பழிப்பது நம் கருத்தன்று. பாக்கஸ் விழாவிலிருந்து நாடகம் பிறந்தது. கொங்குநாட்டிலே உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை, எழுதாமலே தலைமுறைகள் காத்த பெருங்காப்பியம். பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் ஆய்வாளர், காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்திலே தங்கி, 1965இல் அதை ஒலிநாடாவிலே பதிந்து உலகறியச் செய்தார். வீரப்பூர்ப் படுகளத்திலே அருள்வந்து வீழ்ந்தவர் பிணம்போல் கிடப்பர், பின்னர் எழுப்பப்படுவர். களத்திலே மாண்ட வீரரை மக்கள் மறவாதிருக்கக் கண்ட நாடகம் அது. கலையாகக் காணும்போது கண் கலங்குகிறது. மருந்தாக விற்கும்போதுதான் அறிவு கலங்குகிறது.

ஆலைக்குள் அறுத்த ஆடு

பழங்கதைதானே என்போர் 1978ஆம் ஆண்டுக்கு வாருங்கள். மலேசியாவின் சிலாங்கூரிலே, அமெரிக்கர் நடத்திய மின்னணு ஆலை. நுண்ணோக்கியிலே கண்பதித்து மணிக்கணக்காய் வேலைசெய்த மலாய் இளம்பெண்கள் சிலர் திடீரென அலறினர், புரண்டனர். பேயைக் கண்டோம் என்றனர். அலறல் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் பரவியது. ஆலையை மூன்று நாள் மூடினர். நிருவாகம் என்ன செய்தது? வேலை நேரத்தைக் குறைத்ததா? கண்ணுக்கு ஓய்வு தந்ததா? மந்திரவாதியை அழைத்து வந்து, ஆலைக்குள்ளேயே ஆடு அறுத்தது! இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1987இல் நூல் எழுதிய அய்வா ஓங், வாய்திறந்து சொல்ல வழியற்ற பெண்களின் எதிர்ப்பே இப்படி அலறலாய் வெடித்தது என்று விளக்கினார்.

நுண்கருவி செய்யும் முதலாளிக்கும் வேலனின் ஆட்டுக்குட்டி தேவைப்பட்டது, தோழர்களே! ஏன்? ஆட்டின் விலை குறைவு. ஓய்வின் விலை அதிகம்.

நம் ஊர்ப்பக்கம் பாருங்கள். நூற்பாலைகளிலே சுமங்கலித் திட்டம் என்று மங்கலப்பெயர் சூட்டி, வளரிளம் பெண்களை மூன்றாண்டுக்கு விடுதியிலே அடைத்து, திருமணத்துக்குத் தொகை தருவோம் என்று ஆசைகாட்டி வேலைவாங்கிய கதை கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களிலே ஆய்வுகள் பலவற்றிலே பதிவாயிற்று. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத்தொழிலின் பெண்கள் ஏறத்தாழ நூற்றுவரை வினவியது. மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலே மாத்திரை கொடுத்தனர் என்றனர் அத்தனைபேரும். அதனால் உடல்நலம் கெட்டது என்றனர் பாதிக்கு மேற்பட்டோர். என்ன மாத்திரை என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் ஓய்வு கேட்ட உடலுக்கு ஒரு மாத்திரை! ஆடு போயிற்று, மாத்திரை வந்தது. வேலன் உடைமாற்றிக் கொண்டான். நோயின் காரணத்தை இன்னமும் கேட்கவில்லை.

ஆண்மக்கள் நிலை என்ன? பவர்டேபிளில் பகலெல்லாம் குனிந்து, ஓவர்டைம் முடித்து வருகிறவனுக்கு வழியிலே கிண்ணம் நீட்டக் காத்திருக்கிறது கடை. 1937இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, பின்னர் மறுபடி தளர்ந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்றது. தடை போட்டோரும் உண்டு. கடை போட்டோரும் உண்டு. பெந்தியூஸ் வழி ஒன்று, பாக்கஸ் வழி ஒன்று. இவன் ஏன் தன்னை மறக்க விரும்புகிறான் என்று கேட்கும் தோழி வழி மட்டும் ஆளற்றுக் கிடக்கிறது.

ஆளே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. விலை ஏறுகிறது, கூலி ஏன் ஏறவில்லை என்ற ஒரு வினாவோடு, பஞ்சப்படி கேட்டு 1984இல் திருப்பூர்த் தொழிலாளர் நான்கு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அன்றும் எந்திரம் நின்றது, கதிர் ஓய்ந்தது. தீப்ஸ் நகரத்திலே தறி நின்றது, தன்னை மறப்பதற்காக. திருப்பூரிலே எந்திரம் நின்றது, தன்னை உணர்ந்ததற்காக. இரண்டுக்கும் உள்ள தொலைவே மனித வரலாறு கடந்துவந்த தொலைவு.

இளைஞர்களே! உங்கள் தெருவிலே ஒருத்தி அருள்வந்து ஆடினால் எள்ளி நகையாடாதீர். அவள் நம் பகையல்லள், பேச இடமற்றவள். விலங்கு கொண்டு போகாதீர். அது பெந்தியூஸ் கண்ட வழி. ஆடு கொண்டும் போகாதீர். அது வேலன் கண்ட வழி. அருகே அமர்ந்து கேளுங்கள்: உறங்கி எத்தனை நாளாயிற்று, அக்கா? வேலை எத்தனை மணி நேரம்? வீட்டிலே அடிக்கிறானா? கூலி கைக்கு வருகிறதா?

விடை வரும். வந்த விடையை அவளிடமே விட்டுவிட்டு வராதீர். ஊர்மன்றத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்.